‘நாலு எபிசோடு பொறுத்துப் பாருங்கள்’



இன்றைக்கு ஓர் அறிவியல் புனைகதைத் தொடரைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். அதைவிட முக்கியமாக, அந்தத் தொடரைப் பார்த்தவர்களைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். நடிகர்களைப் பற்றிப் பேசுகிறோம், இயக்குநர்களைப் பற்றிப் பேசுகிறோம், எவ்வளவு செலவானது, எவ்வளவு வசூலானது என்று பேசுகிறோம். எதிரே உட்கார்ந்து பார்த்தாரே ஒருவர், அவர் பட்ட பாட்டை யார் பேசுவது? மெல்லப் பற்றிக்கொள்ளும் ஒரு கதையின் முன்னால் அவர் பொறுத்திருந்தாரே, முணுமுணுத்தாரே, பாதியில் எழுந்து போனாரே, போனவர் திரும்பியும் வந்தாரே, அதை யார் எழுதி வைப்பது?

தொடரின் பெயர் ‘தி எக்ஸ்பான்ஸ்’. 2015 டிசம்பர் 14 அன்று அமெரிக்காவின் சைஃபை அலைவரிசையில் தொடங்கியது. ஆறு சீசன்கள், மொத்தம் 62 எபிசோடுகள், 2022 ஜனவரியில் முடிந்தது. ஜேம்ஸ் எஸ். ஏ. கோரி என்ற புனைபெயரில் டேனியல் ஆபிரகாம், டை ஃப்ராங்க் என்னும் இரு நண்பர்கள் சேர்ந்து எழுதிய நாவல்கள்தான் இதற்கு மூலம். முதல் நாவல் 2011இல் வந்தது. எழுதிய இருவருமே தொடரின் எழுத்துக் குழுவிலும் உட்கார்ந்திருந்தார்கள். தொடரை முன்நின்று நடத்திய நரேன் ஷங்கர், கார்னெல் பல்கலைக்கழகத்தில் பயன்பாட்டு இயற்பியலில் முனைவர் பட்டம் பெற்றவர். இதை ஏன் சொல்கிறேன் என்பது போகப் போக விளங்கும்.

கதை 23ஆம் நூற்றாண்டில் நடக்கிறது. பூமியை ஐக்கிய நாடுகள் சபை ஆள்கிறது. செவ்வாய் தனிநாடாகி, பெரும் படை வைத்திருக்கிறது. இரண்டுக்கும் நடுவே நசுங்குகிறவர்கள் பெல்ட்டர்கள். சிறுகோள் பட்டையில் பிறந்து, அங்கேயே பாறை வெட்டி, பனிக்கட்டி சுமந்து பிழைக்கும் தொழிலாளர்கள். குடிக்கும் தண்ணீருக்கும் சுவாசிக்கும் காற்றுக்கும் அடுத்தவன் கையை எதிர்பார்த்து வாழும் மக்கள்.

கேட்கவே விறுவிறுப்பாக இருக்கிறது அல்லவா? பார்த்தவர்கள் முதலில் என்ன சொன்னார்கள் தெரியுமா? ‘கதை நகரவே இல்லை’ என்றார்கள். ‘யார் எந்தப் பக்கம் என்றே புரியவில்லை’ என்றார்கள். ‘அந்த பெல்ட்டர்கள் பேசுவது என்ன மொழி?’ என்று கேட்டார்கள். இரண்டாவது எபிசோடோடு நிறுத்திக்கொண்டவர்கள் ஏராளம்.

அவர்கள் சொன்னதில் நியாயம் இல்லையா? இருக்கிறது. முழு நியாயம் இருக்கிறது. ஒரு புறம் செரிஸ் என்னும் சிறுகோளில் மில்லர் என்ற துப்பறிவாளர் காணாமல் போன ஒரு பெண்ணைத் தேடுகிறார். இன்னொரு புறம் ‘கேன்டர்பரி’ என்ற பனிக்கட்டிக் கப்பல் வெடித்துச் சிதற, அதிலிருந்து சிறு ஓடத்தில் தப்பிய ஐந்து பேர் அந்தரத்தில் தத்தளிக்கிறார்கள். மூன்றாவதாக, பூமியில் கிரிஸ்ஜென் அவசராலா என்ற மூத்த அரசியல்வாதி, புடவையின் சாயலில் உடுத்திக்கொண்டு உலகின் தலைவிதியைக் கைக்குள் வைத்திருக்கிறார். ஈரானில் பிறந்த ஷோரே அக்தஷ்லூ நடித்த வேடம் அது. நாவல்களில் இந்த அம்மையார் இரண்டாம் புத்தகத்தில்தான் வருவார். தொடரிலோ முதல் எபிசோடிலேயே கொண்டு வந்துவிட்டார்கள். புத்தகம் படித்தவர்களே புருவத்தை உயர்த்தினார்கள் என்றால், படிக்காதவர்கள் என்ன செய்வார்கள்?

மூன்று நூல்கள் தனித்தனியே ஓடுகின்றன. எப்போது சேரும்? மில்லரும் அந்தக் கப்பல்காரர்களும் ஒருவரையொருவர் நேரில் பார்ப்பது எட்டாவது எபிசோடில். முதல் சீசனில் இருப்பதே பத்து எபிசோடுகள்தான்! முதல் நாவலின் கதை முடிவதோ இரண்டாம் சீசனின் ஐந்தாவது எபிசோடில். பதினைந்து எபிசோடு காத்திருக்க வேண்டும். எந்த வியாபாரி இப்படிக் கடை விரிப்பான்?

ஆனால் நண்பர்களே, இழுத்தடிக்கிற கதை வேறு, மெல்லப் பற்றுகிற கதை வேறு. இழுத்தடிக்கிற கதையில் நாலு நாள் பார்க்காமல் விட்டுவிட்டு ஐந்தாம் நாள் வந்தாலும் ஒன்றும் குறைந்திருக்காது. அதே அறையில் அதே ஆட்கள் அதே முறைப்போடு நின்றுகொண்டிருப்பார்கள். மெல்லப் பற்றுகிற கதையில் நாலு நிமிடம் தவறவிட்டால் போச்சு. முதல் எபிசோடில் ஹோல்டன் என்ற இளைஞன் யாரும் பார்க்காதபோது ஒரு காரியம் செய்கிறான். எங்கிருந்தோ ஓர் அபயக் குரல் வருகிறது. கேன்டர்பரி கப்பலில் எல்லோரும் அதைக் கண்டுகொள்ள வேண்டாம் என்று முடிவெடுத்துவிட்டார்கள். இவன் மட்டும் அதைப் பதிவேட்டில் ஏற்றிவிடுகிறான். பதிவாகிவிட்டால் உதவிக்குப் போயே ஆக வேண்டும், அது சட்டம். அவ்வளவுதான். சத்தமில்லாத ஒரு செய்கை. அந்தச் செய்கையால் கப்பல் போகிறது, தோழர்கள் சாகிறார்கள், இரண்டு கிரகங்கள் போரின் விளிம்புக்கு வருகின்றன. முதல் முறை பார்க்கும்போது இதன் கனம் தெரியாது. இரண்டாம் முறை பார்த்தவர்களைக் கேளுங்கள், அந்த இடத்தில் கை நடுங்குகிறது என்பார்கள்.

எடையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். எடை என்று நான் சொல்வது உண்மையான எடையை. விண்வெளிக் கதைகளில் நாம் வழக்கமாக என்ன பார்க்கிறோம்? கப்பலுக்குள் எல்லோரும் நம் வீட்டுக் கூடத்தில் நடப்பதுபோல நடப்பார்கள். ஏன் மிதக்கவில்லை என்று யாரும் கேட்பதில்லை. இந்தத் தொடரில் கேட்டார்கள். என்ஜின் எரிந்து கப்பலை உந்தும்போது மட்டுமே காலுக்கடியில் தரை இருக்கும். என்ஜின் நின்றால் மிதக்க வேண்டியதுதான். காந்தக் காலணியை மாட்டிக்கொண்டுதான் நடக்க வேண்டும். பாதி வழி வேகமெடுத்துப் போன கப்பல், மீதிப் பாதியில் பின்புறத்தை முன்னால் திருப்பி, அதே என்ஜினை எரித்து வேகத்தைக் குறைக்கும். சுழலும் செரிஸுக்குள் மில்லர் கோப்பையில் மதுவை ஊற்றினால் அது நேராக விழாது, வளைந்து விழும். குறைந்த ஈர்ப்பில் ஒரு சிறு பறவை, சிறகை எப்போதாவது ஒருமுறை அசைத்தபடி நிதானமாக மிதந்து போகும்.

இதையெல்லாம் யாராவது விளக்கினார்களா? இல்லை. ஒரு வார்த்தை விளக்கம் இல்லை. பார்க்கிறவரின் கண்ணை நம்பினார்கள். கண்டுபிடித்தவர் துள்ளிக் குதித்தார். கண்டுபிடிக்காதவர் ‘ஏன் இந்தப் பறவையை இவ்வளவு நேரம் காட்டுகிறார்கள்?’ என்று சலித்துக்கொண்டார். பாராட்டும் சலிப்பும் ஒரே காட்சியிலிருந்து பிறந்தன.

அந்தப் பறவையைப் பார்த்தவர்கள் இன்னொன்றையும் பார்த்தார்கள். அதே முதல் எபிசோடில், பூமியில், ஒரு பெல்ட்டரைக் கொக்கியில் மாட்டித் தொங்கவிட்டு விசாரிக்கிறார்கள். அடிக்கவில்லை, சுடவில்லை. சும்மா தொங்கவிட்டிருக்கிறார்கள். குறைந்த ஈர்ப்பில் வளர்ந்த நீண்ட எலும்புகள் அவனுடையவை. பூமியின் ஈர்ப்பே அவனுக்குச் சித்திரவதை. நீங்களும் நானும் இந்தக் கணம் உணராமலே சுமந்துகொண்டிருக்கிற எடை, அவனைக் கொல்கிறது. அந்த விசாரணையை நடத்துகிறவர் யார்? சற்று முன்பு பேரனோடு கொஞ்சிக்கொண்டிருந்த அந்த அவசராலா பாட்டிதான். இயற்பியல் பாடம் அங்கே அரசியல் பாடமாகிறது. நான் இந்தத் தொடரைப் பெரிதாக மதிப்பதற்குக் காரணம் இந்தக் காட்சிதான். யாருடைய உடம்பு எந்த மண்ணுக்குப் பழகியது, யாருக்கு எங்கே வாழ உரிமை என்ற கேள்வியை, ஒரு பிரசங்கமும் இல்லாமல், தொங்கும் ஒரு மனிதனின் மூச்சுத் திணறலில் வைத்துவிட்டார்கள்.

பேச்சு புரியவில்லை என்ற குறைக்கும் வருகிறேன். பெல்ட்டர்களின் மொழியை நிக் ஃபார்மர் என்ற மொழியியலாளர் உருவாக்கினார். பல நாட்டுத் தொழிலாளர்கள் ஒன்றாகக் கலந்து வாழ்ந்தால் எப்படிப் பேசுவார்களோ, அப்படி ஒரு கலவை மொழி. பெரும்பாலும் அடியில் எழுத்து ஓடவில்லை. கையசைவுகளும் அப்படித்தான். விண்வெளி உடைக்குள் முகம் தெரியாது. தலையசைத்தால் யாருக்கும் புரியாது. ஆகவே அந்த மக்கள் கையை வீசிப் பேசுகிறார்கள். முதலில் தடுமாறிய பார்வையாளர்கள் என்ன செய்தார்கள்? கற்றுக்கொண்டார்கள்! சொற்பட்டியல் போட்டார்கள், வாக்கியம் அமைத்தார்கள், ஒருவரையொருவர் அந்த மொழியிலேயே வாழ்த்திக்கொண்டார்கள். குறை சொன்னவர்களே மாணவர்களானார்கள்.

சரி, எப்போது பற்றிக்கொண்டது நெருப்பு?

நான்காவது எபிசோடில். தப்பியவர்கள் ஐவரும் செவ்வாயின் ‘டானஜர்’ என்ற மாபெரும் போர்க்கப்பலில் சிறைப்பட்டிருக்கிறார்கள். அடையாளம் தெரியாத கப்பல்கள் தாக்குகின்றன. எங்கோ தொலைவில் நடக்கும் சண்டை. இவர்கள் ஓர் அறைக்குள் இருக்கையில் கட்டுண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். ஒருவன் பேசிக்கொண்டே இருக்கிறான். அடுத்த நொடி அவன் தலை இல்லை. ஒரு குண்டு கப்பலின் ஒரு சுவரில் நுழைந்து மறு சுவர் வழியே போய்விட்டது. இரண்டு ஓட்டைகள். காற்று வெளியே பாய்கிறது. அழ நேரமில்லை, அலற நேரமில்லை. கையில் கிடைத்ததைக் கொண்டு ஓட்டையை அடைக்க வேண்டும். நண்பன் செத்தானே என்று நினைத்துப் பார்க்கக்கூட அந்த அறையில் காற்று மிச்சமில்லை.

மூன்று எபிசோடு முணுமுணுத்தவர்கள் இங்கே வாயடைத்துப் போனார்கள். ஏன்? குண்டுவெடிப்பும் சண்டையும் முதல் எபிசோடிலேயே இருந்தனவே! காரணம் இதுதான். இரண்டாவது எபிசோடில், அந்தச் சிறு ஓடத்தில், காற்று தீர்ந்துகொண்டே வர, ஆண்டெனாவைச் சரிசெய்யப் போராடியதை நாம் மணிக்கணக்காகப் பார்த்ததுபோல் பார்த்துவிட்டோம். ஒரு மூச்சுக் காற்றின் விலை என்ன என்று நமக்கு அப்போதே தெரிந்துவிட்டது. ஆகவே நான்காவது எபிசோடில் சுவரில் ஓட்டை விழுந்தபோது நம் நெஞ்சில் விழுந்தது. மெதுவாகப் போன மூன்று எபிசோடுகள் இல்லாமல் இந்த நான்காவது இல்லை.

அன்று முதல் ரசிகர்கள் ஒரு வாசகத்தைப் பிடித்துக்கொண்டார்கள். யார் கேட்டாலும் அதையே சொன்னார்கள். ‘நாலு எபிசோடு பொறுத்துப் பாருங்கள்.’ அலுவலகத்தில் சொன்னார்கள், வீட்டில் சொன்னார்கள், தெரியாதவரிடமும் சொன்னார்கள். எந்த விளம்பர நிறுவனமும் எழுதித் தராத விளம்பரம் அது. தங்கள் நேரத்தைக் கொடுத்துப் பார்த்தவர்கள், தங்கள் வாக்கையும் கொடுத்து ஆள் சேர்த்தார்கள். முதல் சீசனின் இறுதி எபிசோடு 2017இல் ஹ்யூகோ விருது பெற்றது. வாசகர்களும் ரசிகர்களும் வாக்களித்துத் தரும் விருது அது.

அப்படியானால் தொடர் செழித்திருக்க வேண்டுமே? 2018 மே 11. மூன்றாம் சீசன் ஓடிக்கொண்டிருக்கும்போதே, இதோடு நிறுத்துகிறோம் என்று சைஃபை அறிவித்தது.

கோபப்படுவதற்கு முன் கணக்கைப் பார்ப்போம். அந்த அலைவரிசை வாங்கியிருந்தது அமெரிக்காவில் முதல் ஒளிபரப்பு உரிமையை மட்டும். குறித்த நாளில், குறித்த நேரத்தில், தொலைக்காட்சியின் முன் உட்கார்ந்து பார்ப்பவர்தான் அதற்கு வருமானம். நிதானமாக, பின்னாளில், வேறு தளத்தில் பார்ப்பவர் அதன் கணக்கில் வரமாட்டார். மெல்லப் பற்றும் கதையை மக்கள் எப்படிப் பார்ப்பார்கள்? யாரோ சொல்லக் கேட்டு, தாமதமாக வந்து, முதலிலிருந்து தொடங்கி, நின்று நிதானித்து, பின்னோக்கி ஓட்டி, மறுபடி பார்ப்பார்கள். எண்ணுகிறவர் வாசலில் நின்று எண்ணினார். இவர்களோ அவர் வீட்டுக்குப் போன பிறகு வந்தார்கள். பார்வையாளர்கள் இல்லாமல் போகவில்லை. அவர்களைப் பார்க்கும் கண் அந்தக் கணக்குக்கு இல்லை.

அதன் பின் நடந்தது நம் காலத்தின் அருமையான காட்சிகளில் ஒன்று. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் கையெழுத்திட்டார்கள். பணம் திரட்டி ஒரு சிறு விமானத்தை வாடகைக்கு எடுத்தார்கள். ‘எக்ஸ்பான்ஸைக் காப்பாற்றுங்கள்’ என்ற பதாகையை அதன் வாலில் கட்டி, கலிஃபோர்னியாவின் சான்டா மோனிகாவில் அமேசான் ஸ்டுடியோ அலுவலகத்தின் மேலே வட்டமடிக்க விட்டார்கள். எழுத்தாளர் ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டின் போன்றவர்களும் குரல் கொடுத்தார்கள்.

இதற்கு ஒரு பழைய முன்னோடி உண்டு. 1967 இறுதியில் ‘ஸ்டார் ட்ரெக்’ நிற்கப்போகிறது என்ற பேச்சு எழுந்தபோது, பீஜோ ட்ரிம்பிள், ஜான் ட்ரிம்பிள் என்ற தம்பதியர் ஒரு கடித இயக்கத்தைத் தொடங்கினார்கள். மூட்டை மூட்டையாகக் கடிதங்கள் அதை ஒளிபரப்பிய என்.பி.சி. அலுவலகத்துக்குப் போயின. கால்டெக் மாணவர்கள் ஊர்வலமாகப் போய் நின்றார்கள். 1968 மார்ச் 1 அன்று, எபிசோடு முடிந்த கையோடு, தொடர் நீடிக்கும் என்று என்.பி.சி. ஒளிபரப்பிலேயே அறிவித்தது. ஆனால் மூன்றாம் சீசனை வெள்ளிக்கிழமை இரவு பத்து மணிக்குத் தள்ளினார்கள். இளைஞர்கள் வீட்டில் இல்லாத நேரம். 1969இல் கதை முடிந்தது. மறு ஒளிபரப்பில்தான் அது பேருருவம் எடுத்தது. அங்கேயும் தாமதமாக வந்த பார்வையாளர்களே அதை வாழவைத்தார்கள்.

‘எக்ஸ்பான்ஸ்’ ரசிகர்கள் காத்திருந்தது பதினான்கே நாள். 2018 மே 25, லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் ஒரு விண்வெளி மாநாட்டு விருந்து. விருது பெற வந்த அமேசான் நிறுவனர் ஜெஃப் பெசோஸ் மேடையிலேயே அறிவித்தார்: தொடர் பிழைத்துவிட்டது. நடிகர்கள் அந்த அரங்கிலேயே உட்கார்ந்திருந்தார்கள். அரங்கம் எழுந்து ஆர்ப்பரித்தது. எனக்கு இதில் மகிழ்ச்சியோடு ஒரு நெருடலும் உண்டு. காற்றுக்கும் தண்ணீருக்கும் முதலாளிகளோடு மல்லுக்கட்டும் தொழிலாளர்களின் கதை, உலகின் மிகப் பெரிய செல்வந்தர் ஒருவரின் ஒற்றைச் சொல்லால் பிழைக்க வேண்டியிருந்தது. அதை மறைக்காமல் சொல்லத்தான் வேண்டும். ஆனால் அந்தச் சொல்லை அவர் வாயிலிருந்து வரவழைத்தவர்கள் யார்? கையெழுத்திட்டவர்கள், விமானம் விட்டவர்கள், நாலு எபிசோடு பொறுக்கச் சொன்னவர்கள்.

புது வீட்டில் பார்வை மாறியது. நான்காம் சீசனின் பத்து எபிசோடுகளும் 2019 டிசம்பரில் ஒரே மூச்சில் வெளியாயின. ஒரே இரவில் முடித்தவர்கள் உண்டு. ஐந்தாம் சீசனில் முதலில் மூன்றைத் தந்துவிட்டு, பிறகு வாரம் ஒன்றாகத் தந்தார்கள். ‘ஏன் எங்களைக் காக்க வைக்கிறீர்கள்?’ என்று ஒரு சாரார் கொதித்தார்கள். நான் மறு சாராரின் கட்சி. இப்படிப்பட்ட கதைக்கு வாரம் ஒன்றே உகந்தது. நடுவில் கிடைக்கும் ஆறு நாளில்தான் பேச்சு நடக்கிறது, ஊகம் நடக்கிறது, சண்டை நடக்கிறது. கதை திரையைவிட்டு இறங்கி வீட்டுக்குள் நடமாடுவது அந்த ஆறு நாளில்தான்.

கடைசி சீசன் ஆறே எபிசோடுகளோடு முடிந்துவிட்டது. ஒன்பது நாவல்களில் கடைசி மூன்று தொடப்படவே இல்லை. அவசரமாக முடித்துவிட்டார்கள் என்ற வருத்தம் ரசிகர்களிடம் இன்றும் ஆறவில்லை. மெதுவாகப் போகிறது என்று புகார் சொல்லித் தொடங்கியவர்கள், வேகமாக முடிந்துவிட்டது என்று புகார் சொல்லி முடித்தார்கள்! ஒரு படைப்புக்கு இதைவிடப் பெரிய பாராட்டு எனக்குத் தெரியாது.

அந்தக் கடைசி எபிசோடிலிருந்து ஒன்றைச் சொல்லி விடைபெறுகிறேன். கமீனா ட்ரம்மர் என்றொரு பெண். கனடாவின் ஓஜிப்வே பழங்குடியைச் சேர்ந்த காரா ஜீ நடித்தார். இரண்டாம் சீசனில் டைக்கோ என்ற விண்வெளி நிலையத்தில் ஒரு தலைவனின் பின்னால் நிற்கும் அதிகாரியாக அறிமுகமாகிறார். பெரிய வேடம் இல்லை. மூன்றாம் சீசனில் இயந்திரத்தின் அடியில் சிக்கி நொறுங்கிய உடம்போடு, இரும்புக் கால்களை மாட்டிக்கொண்டு எழுந்து நிற்கிறார். பிறகு ஒரு கப்பல், ஒரு குடும்பம், அந்தக் குடும்பத்தின் பிரிவு. இவர் பேசுவது குறைவு. ஆனால் பார்வையாளர்கள் சீசனுக்குச் சீசன் இவர் பக்கம் நகர்ந்துகொண்டே வந்தார்கள். நாவல்களில் வேறு சிலர் செய்ததையெல்லாம் தொடரில் இந்த ஒருவர் தோளில் ஏற்றினார்கள்.

கடைசியில் போர் ஓய்கிறது. கதையின் போக்கில் மனிதர்களுக்குத் திறந்துகொண்ட புதிய உலகங்களுக்கான போக்குவரத்தை நிர்வகிக்க ஓர் ஒன்றியம் அமைகிறது. அதன் தலைமையை பெல்ட்டர்களிடம் தர பூமிக்கும் செவ்வாய்க்கும் மனமில்லை. பூமியில் பிறந்த ஹோல்டனைத் தலைவராக்குகிறார்கள். அவன் மேடையேறுகிறான், பதவியேற்ற கையோடு விலகுகிறான், அந்த நாற்காலியை ட்ரம்மரிடம் கொடுக்கிறான். முதல் எபிசோடில் கொக்கியில் தொங்கினானே ஒரு பெல்ட்டர், அவனுடைய மக்களில் ஒருத்தி அரியணை ஏறுகிறாள். கடைசி எபிசோடை மட்டும் பார்க்கிறவருக்கு அது ஒரு பதவி மாற்றம். 62 எபிசோடும் பொறுத்துப் பார்த்தவர்கள் அந்த இடத்தில் இருக்கையைவிட்டு எழுந்துவிட்டார்கள்.

கேள்விகள் இருந்தால் கேளுங்கள், காத்திருக்கிறேன்.